பல் டாக்டர் வீட்டுத் துப்பாக்கி

"சுடற துப்பாக்கியத் தானுங்க்கா நாம பார்த்திருக்கறோம், இது சுட்டதையெல்லாம் திருப்பி வாங்கிக்குதாமா" என்று ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். அந்த இன்னொருத்தி, "அப்ப நல்ல துப்பாக்கிதான்" என்று சொல்லிவிட்டு, பாமாயில் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தாள்.

எந்தத் துப்பாக்கி என்று நான் கேட்கவில்லை. நூலாம்பாளையத்தில் துப்பாக்கி என்றால் பல் டாக்டர் சென்னியப்பன் வீட்டில் இருப்பது ஒன்றுதான். அது ஒரு பழைய ரைஃபிள், ஏதோ ஒரு வெள்ளைக்காரத் தேசத்துப் பட்டறையில் பிறந்து, பெயர் தெரியாத காடுகளிலும் பனியிலும் ராணுவத்தோடு நடந்து, அங்கே வயதானதும் எங்கள் பக்கத்துப் போலீசுக்கு வந்து, அங்கேயும் வயதானதும் துருவும் கரையானுமாகச் சாக்கில் சுற்றப்பட்டு ஏலத்துக்கு வந்தது. டாக்டர் அதை வாங்கினார். அவர் ஒரு காக்கையைக்கூடக் கல்லெடுத்து விரட்டியதில்லை. ஆனால் சிதைந்த எதையும் அது முதலில் இருந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்குப் பல்லில் தொடங்கி, பல்லோடு நிற்கவில்லை.

அந்த ரைஃபிளை அவருக்குக் கொடுக்கும்போது சட்டம் சொன்ன நிபந்தனைகள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம், ஏனென்றால் அவர் மனைவி மரகதம் அவற்றைக் கந்தசஷ்டி கவசம் போல அடிக்கடி சொல்லிக் காட்டுவாள். குழலுக்குள் எஃகுத் தண்டை வைத்து அடைத்திருக்க வேண்டும், சுடும் ஊசியை அறுத்திருக்க வேண்டும், சுடக் கூடாது, சுட முடியவும் கூடாது, விற்கக் கூடாது, இரவல் தரக் கூடாது, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் ஒரு குண்டுகூட இருக்கவே கூடாது. "சோறு கொதிக்காத அடுப்புக்கு இத்தனை காவலா?" என்று மரகதம் கேட்பாள். டாக்டர் சிரித்துக்கொண்டே கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

அங்கே அவர் பல் வைத்தியம் செய்கிற அதே கருவிகளால் துப்பாக்கிக்கு வைத்தியம் செய்தார். நீளக் காம்பில் வட்டக் கண்ணாடி வைத்த கருவியை விட்டுக் குழலின் வாயைப் பார்த்தார், பல்லிடுக்கைச் சுரண்டும் கொக்கியால் திருகுமறைகளுக்குள் இருந்த அழுக்கைச் சுரண்டினார், மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டால் தேய்த்துத் தேய்த்து ஊட்டினார், துருவை ஒரு விரல்நகம் அளவுக்கு எடுப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுத்தார். "பல்லுப் புடுங்கறதுக்குப் பத்து நிமிசம், துருப் புடுங்கறதுக்குப் பத்து வருசம்" என்று மரகதம் சொன்னதை, கிளினிக்குக்கு வந்த ஆட்கள் எல்லோரும் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள்.

ஒரு நாள் காலையில், கைப்பிடிக்கு மேலே இருந்த ஒரு துருத் திட்டை எடுத்து முடித்துத் துணியால் துடைத்தபோது, இறுக அடைத்திருந்த அந்தக் குழலின் வாயிலிருந்து, கோழி முட்டையிடுவது போல மெதுவாக, ஒரு குண்டு வெளியே வந்து அவர் மடியில் விழுந்தது. மூக்கு நசுங்கி, செங்கல் தூள் அப்பி, வெதுவெதுப்பாக இருந்தது. டாக்டர் பல் பார்க்கிற கண்ணாடியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தார். எஃகுத் தண்டு இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு, கையில் வந்த எதையும் எப்போதும் என்ன செய்வாரோ அதையே செய்தார். குண்டை வெந்நீரில் கழுவி, பிரஷ் போட்டு, பல் மெருகேற்றும் பசையைத் தடவிப் பளபளவென்று ஆக்கினார். அதற்குப் பிறகுதான் அது தன் வீட்டில் இருக்கக் கூடாத பொருள் என்பது நினைவுக்கு வந்தது. ஊராருடைய பல்வரிசைகளின் வெள்ளை அச்சுகள் அலமாரியில் அடுக்கி இருந்தன. ஒரு தாடை அச்சுக்கு அடியில் குழி தோண்டி, குண்டை வைத்து, மேலே அச்சு மாவு பூசி மூடினார்.

அன்று மத்தியானம், மூடிக் கிடக்கும் பெரிய ஆலையின் சுற்றுச்சுவரில், பல காலமாகச் சிட்டுக்குருவி வைக்கோல் சேர்த்துவந்த ஓர் ஓட்டை இல்லாமல் போனது. குருவி கொஞ்ச நேரம் சுவரைக் கொத்திப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஓட்டைக்குக் குடிபோனது.

அடுத்த திட்டுத் துருவை எடுத்தபோது அடுத்தது வந்தது. வேப்பம்பட்டை ஒட்டியது ஒன்று, பஞ்சு சுற்றியது ஒன்று, கடல் மணல் உரசியது ஒன்று, தொட்டால் விரல் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்தது ஒன்று என்று, ரைஃபிளின் மேல் துரு குறையக் குறைய, அது எங்கெங்கோ அனுப்பிவைத்ததெல்லாம் கடைசியாகச் சுட்டது முதலில் என்ற ஒழுங்குகூட இல்லாமல், நினைவுக்கு வந்தபடி வீடு திரும்பின. நனைந்துபோய் வந்ததும் ஒன்று உண்டு. கூலி கேட்டு வாசலில் கூடியவர்கள் மேல் சுட்ட அந்தப் பழைய ஆலைத் தகராறின்போது வானத்தை நோக்கித்தான் சுட்டோம் என்று அந்தக் காலத்துப் போலீஸ் சொன்னதாமே, அதில் அந்த ஒன்றாவது நிஜம், இத்தனை காலம் மேகத்துக்குள் இருந்திருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் டாக்டர் கழுவி மெருகேற்றித் தாடைகளுக்குள் வைத்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மாதங்களில் எனக்கு ரூட் கெனால் நடந்துகொண்டிருந்தது. மருந்து வைத்து, பஞ்சைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொல்வார். வாயில் பஞ்சு இருப்பவளுக்குக் காதும் கேட்காது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஊர் அதை இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டது. பால்காரர் கேனை இறக்கும்போது, "இன்னைக்கு முட்டை வெச்சுதுங்களா?" என்று கேட்டார். பல்லில் ஒன்றுமே இல்லாதவர்கள் கூசுகிறது என்று வந்தார்கள். சங்கத்துச் செயலாளர் தோழர் மாசிலாமணி மட்டும் கோபமாக வந்தார்.

"டாக்டர், ஆலைச் சுவத்துல ஓட்டை வரிசையா மூடிட்டு வருதுங்க. மே தினத்துக்குப் பசங்களைக் கூட்டிட்டுப் போயி நாங்க எதைக் காட்டறது? வெறுஞ் சுவத்தையா?"

"நான் சுவத்தைத் தொடலீங்களே தோழர்."

"நீங்க தொடலீங். ஆனா நீங்க தொடறதுனால தான் மூடுதுங்."

அந்த ஆலைத் தகராறில் தொடையில் குண்டு வாங்கி, அதை எடுக்க விடாமல் இத்தனை காலம் வைத்திருந்த கிட்டுசாமி தாத்தா ஒருநாள் தடியில்லாமல் நேராக நடந்து வந்தார். முகம் வாடி இருந்தது. "டாக்டர் தம்பி, என்ற குண்டு இங்க வந்திருச்சுங்களா?" என்றார். "மழை வரதுன்னா மொதல் நாளே சொல்லிப் போடும். ஊரே என்னையக் கேட்டுத்தான் மொளகா காயப்போடும். இப்ப உள்ள ஒண்ணுமே இல்லாம, காலு ஆரோ அசலூர்க்காரன் காலாட்டம் இருக்குது. குடுத்துப் போடுங்க, வெளியவாச்சும் கட்டிக்கறேன்."

"குடுத்தா எனக்கு ஜெயிலுங், வாங்குனா உங்களுக்கு ஜெயிலுங்" என்றார் டாக்டர். தாத்தா பழக்கத்தில் நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

அந்த வார வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் எழில்மதி கடவாய்ப் பல் வலி என்று வந்து நாற்காலியில் சாய்ந்தார். நான் பஞ்சைக் கடித்துக்கொண்டு பெஞ்சில் இருந்தேன்.

"டாக்டர், நான் பல்லுக்கு வந்திருக்கேன். வாயைத் திறந்துக்கிட்டு விட்டத்தை மட்டுந்தான் பார்க்கறேன்" என்றார். "உங்க ரைஃபிள் இருக்கே, அது தனியா இருந்தா ஒரு சாமான். கட்டில் மாதிரி, பீரோ மாதிரி. பக்கத்துல ஒரு குண்டு இருந்தா அதுவே கேஸு. லைசென்ஸ் போகும். ரைஃபிளை வெட்டி உலையில போட்டுருவாங்க. நீங்க உள்ள போவீங்க."

"அது தானா வருதுங்க மேடம்."

"தானா வந்ததுன்னு சட்டத்துல ஒரு பிரிவு இல்லை. வச்சிருந்தீங்களா, இல்லையா. அவ்வளவுதான்."

"வெடிச்சு முடிஞ்ச ஈயந்தானுங்களே. அதை மறுபடி சுட முடியாதுங்களே."

"கோர்ட்டுல சொல்லுங்க. வாய்தாவுக்கு வாய்தா போய்ச் சொல்லிக்கிட்டே இருங்க, அதுவரைக்கும் இந்த நாற்காலிகிட்ட யாரு நிக்கிறது? துரு எடுத்தாத்தானே வருது? எடுக்காதீங்க. உள்ளதைக் கிணத்துல போடுங்க. இப்ப என் பல்லைப் பாருங்க."

டாக்டர் ரைஃபிளைப் பழைய போர்வையால் மூடிவைத்தார். கிணற்றில் மட்டும் எதையும் போடவில்லை. மெருகேற்றியதைத் தண்ணீரில் போட அவருக்குக் கை வரவில்லை. குண்டுகள் வருவது நின்றது. சுவரில் மிச்சம் இருந்த ஓட்டைகள் மூடாமல் அப்படியே நின்றன. பால்காரர் கேட்பதை விட்டுவிட்டார். ஊர்மேல் பஞ்சுத் தூசி எப்போதும் போல வெயிலில் மிதந்து, கூரைகளிலும் வேப்பிலைகளிலும் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மயிலாத்தாள் வந்தாள்.

மயிலாத்தாளுக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை, அதனால் அவள் சேலையில் எப்போதும் ஏதாவது நிறத்தில் நூல் ஒட்டியிருக்கும். அவள் அப்பா காளியண்ணன் ஆலைத் தகராறு நடந்த நாளில் இறந்தவர். ஆனால் ஆலை வாசலில் சங்கம் நட்ட கல்லில் அவர் பெயர் கிடையாது. அவர் குடித்துவிட்டுச் சுவர் ஏறி விழுந்து மண்டை உடைந்து செத்தார் என்று போலீசார் அன்றைக்கே எழுதிவிட்டார்கள், உடலையும் வீட்டுக்குத் தராமல் அவர்களே எரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து மயிலாத்தாள் பள்ளிக்கூடத்திலும் கம்பெனியிலும் கட்டிக்கொண்டு போன வீட்டிலும் குடித்துவிட்டு விழுந்தவன் மகளாகவே இருந்தாள்.

"டாக்டருங்க, எங்கப்பனுது வந்திருச்சுங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் அலமாரியிலிருந்து தாடைகளை எடுத்து, மாவைச் சுரண்டி, குண்டுகளை எல்லாம் ஒரு ஸ்டீல் தட்டில் பரப்பினார். மயிலாத்தாள் குனிந்து பார்த்தாள். எல்லாம் ஒன்றுபோல, கண்ணாடி போல மின்னின. அவள் முகம்தான் ஒவ்வொன்றிலும் சின்னதாகத் தெரிந்தது.

"இதுல எதுங்க?"

டாக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. எது சுவரில் இருந்தது, எது மரத்தில் இருந்தது, எது மனிதனுக்குள் இருந்தது என்று அவை தங்கள் மேல் எழுதிக்கொண்டு வந்ததை, யாரும் கேட்காமலே, ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து அவரே அழித்திருக்கிறார்.

"தொடைச்சுட்டனுங்கம்மா" என்றார். "கழுவும்போது பார்த்தது நெனப்பு இருக்குதுங்க. செங்கல்லு, பட்டை, பஞ்சு, மணலு. ரத்தம் இருந்தது ஒண்ணே ஒண்ணு, அது கிட்டுசாமி அய்யனுது. உங்கப்பாவுது இன்னும் வரலீன்னுதான் நெனைக்கறேன்."

"அப்ப வருமுங்களா?"

"இந்தத் துப்பாக்கிதான் சுட்டுச்சுன்னு நமக்குத் தெரியாதுங்களே. அன்னைக்குப் பல துப்பாக்கி வந்திருக்கும்."

"துரு மிச்சம் இருக்குதுங்களா?"

குழலின் நுனியில், மரத்தோடு அதைப் பிணைத்திருந்த இரும்பு வளையத்துக்கு அடியில், ஒரே ஒரு திட்டு மிச்சம் இருந்தது. அது மட்டும் எடுபட்டால் ரைஃபிள் பிறந்த நாளில் இருந்தது போல ஆகிவிடும்.

சனிக்கிழமை தேர்தல் தேதி அறிவித்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எல்லாத் துப்பாக்கிகளும் ஸ்டேஷனுக்கு வந்துவிட வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். சொல்லுவதற்கு ஊரில் இருந்தது ஒரே வீடுதான் என்றாலும், ஆட்டோ எல்லா வீதியிலும் போனது. ஸ்டேஷனுக்குப் போன ரைஃபிளுக்கு அங்கே யாரும் எண்ணெய் போடப் போவதில்லை. இன்ஸ்பெக்டருக்கும் இனி அது கண்ணில் படும் இடத்தில் இருக்கும். மழைக்கால ஈரத்தில் பழைய துருவோடு புதிய துருவும் சேர்ந்துகொள்ளும்.

அந்த வாரம் முழுவதும் கிளினிக் சுவருக்கு அந்தப் பக்கம் மரகதத்தின் குரல் கேட்டது.

"பாவமா இருக்குதுன்னா ஒரு மூட்டை அரிசி வாங்கிக் குடுங்க. ஜெயிலுக்குப் போறீங்களா? வந்தாலும் வரும் வராட்டியும் போகும்ங்கிற ஒண்ணுக்காக?"

"நான் தொடைச்சது மரகதம். அதுல அவீங்கப்பனுது ஒருவேளை..."

"தொடைச்சீங்க. ஊட்டுல ஒரு நாளு ஒரு டம்ளரத் தொடைச்சிருப்பீங்களா? பத்து வருசம் உசுரக் குடுத்து ஆக்குனதக் கொண்டுபோயி உலையில போடுவாங்களாமா, அதுக்கு நீங்களே அடுப்புப் பத்த வெக்கிறீங்க. கோர்ட்டு கேஸுன்னு ஆச்சுன்னா எவன் வந்து உங்ககிட்ட வாயத் தொறப்பான்?"

டாக்டர் என் பல்லில் அன்று மருந்தை இரண்டு தடவை வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் மயிலாத்தாளுக்கு ஆள் அனுப்பினார். அவள் கம்பெனிக்குப் போகாமல் வந்தாள். கொட்டகைக்குள் இரண்டு பேரும், வாசலில் மரகதமும், வேலிக்கு இந்தப் பக்கம் நாங்களும் நின்றோம். டாக்டர் போர்வையை எடுத்தார். வளையத்தின் திருகை, ஆடுகிற பல்லைக் கழற்றுகிற மெதுவில் கழற்றினார். எண்ணெயைத் துளித்துளியாக விட்டு, கொக்கியால் வருடி, திரும்பவும் எண்ணெய் விட்டு வருடினார். துரு செம்பொடியாக உதிர்ந்து அவர் வெள்ளைக் கோட்டின் மேல் விழுந்தது. வெயில் ஏறியது. கடைசித் துகளும் போய், குழல் முழுவதும் நீலக்கறுப்பாக, குளத்து நீரில் மேகம் போகிறது போல ஒரு மினுக்கத்தோடு கிடந்தது. அதைவிட அழகான இரும்பை நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அது வந்தது. மற்றவை போல உருண்டு விழவில்லை. எதையோ இழுத்துக்கொண்டு வருவது போலத் தயங்கித் தயங்கி வந்து டாக்டரின் உள்ளங்கையில் அமர்ந்தது. கறுத்து உலர்ந்த ரத்தமும், அதில் சிக்கிய நூலும், மூக்கின் மேல் தொப்பி போல வளைந்து ஒட்டிய ஒரு பித்தளைத் துண்டும் இருந்தன. ஆலையில் ஒவ்வொருவரும் சட்டைப்பையில் வைத்திருந்த டோக்கன் அது. வளைந்த இடத்தில் 417 என்று தெரிந்தது.

டாக்டரின் இன்னொரு கை, அவருக்கே தெரியாமல், தோளில் கிடந்த துணியை எடுத்துவிட்டது.

"தொடைச்சுப் போடாதீங்க சாமி!" என்று மயிலாத்தாள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபடியே குனிந்து நூலைப் பார்த்தாள். ஆயுசு முழுக்க நூல் பார்த்த கண் அது. "ஆலைச் சட்டை" என்றாள். "நானூத்திப் பதினேழு. சம்பள நாளன்னைக்கு எங்கம்மா என்னையச் சொல்லச் சொல்லிக் கேப்பா."

தோழர் மாசிலாமணி வேலிமேல் கையை வைத்துக்கொண்டு, "கல்லுல பேரு ஏத்தணும்னா எழுத்துல ஒரு ஆதாரம் வேணும், எங்க கமிட்டி கேக்கும்" என்றார். அவர் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

டாக்டர் அந்தக் குண்டை ஸ்டீல் தட்டின் நடுவில் வைத்தார். மெருகேற்றிய மற்றதையெல்லாம் அதைச் சுற்றி வைத்தார். ரைஃபிளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தட்டைக் கையில் ஏந்தி, வீதியில் இறங்கினார். மயிலாத்தாள் பக்கத்தில் நடந்தாள். மரகதம் உள்ளே போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு, பத்தடி பின்னால் நடந்தாள். சலூனில் பாதிச் சவரத்தோடு ஒருவர் எழுந்து வந்தார். கிட்டுசாமி தாத்தா நேராக நடக்கலாமா நொண்டலாமா என்று தெரியாமல் இரண்டும் செய்துகொண்டு வந்தார். பஞ்சு எங்கள் எல்லோர் தலைமேலும் இறங்கியது.

இன்ஸ்பெக்டர் எழில்மதி தட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"ரைஃபிளை மட்டும் வைங்க டாக்டர். தட்டை நான் பார்க்கல. ஸ்டேஷனுக்குப் பின்னாலயும் ஒரு கிணறு இருக்கு."

"கெணத்துல போட்டா எழுத்துல வராதுங்க மேடம்."

"எழுத்துல வந்தா நீங்க உள்ள போவீங்க."

"தெரியுமுங்க. என் வீட்டுல இருந்து என்ன எடுத்தீங்களோ, அது எந்த நெலமையில இருந்துச்சோ அப்படியே எழுதணும்னு சட்டமிருக்குதுங்களே. அதை எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். ரத்தத்தைப் பார்த்தார், நூலைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார். "இதை எழுதினா, அன்னைக்கு எழுதினது பொய்னு ஆகும்" என்று மெல்லச் சொன்னார். மின்விசிறி காகிதங்களைப் புரட்டிப் பார்த்தது. அவர் கன்னத்தை, பல் இருந்த இடத்தில், கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்து காகிதத்தை இழுத்து எழுதத் தொடங்கினார்.

"நசுங்கிய குண்டு ஒன்று. உலர்ந்த ரத்தக்கறையுடன். நீல நூல் இழைகளுடன். ஆலைத் தொழிலாளியின் டோக்கன் துண்டு, எண் நானூற்றுப் பதினேழு. யாருடையதும்மா?"

"காளியண்ணன்" என்றாள் மயிலாத்தாள். "மாரண்ணன் மகன் காளியண்ணன்." பிறகு, "அவரு குடிச்சிருக்கலீன்னும் சேத்திப் போடுங்க மேடம்."

"அதைக் குண்டு சொல்லாதும்மா. குண்டு பட்டதுன்னு மட்டுந்தான் நான் எழுத முடியும்."

மயிலாத்தாள் காகிதத்தின் பக்கம் குனிந்தாள். "செரி. அதை எழுதுங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் எழுதினார். சாட்சி என்ற இடத்தில் மயிலாத்தாள் எழுத்தெழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். அந்தப் பேனா அதோடு எழுதுவதை நிறுத்திக்கொண்டது. எதிரி என்று, குற்றம் சாட்டப்பட்டவர் கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் மிச்சம் இருந்தது. இன்ஸ்பெக்டர் காகிதத்தை டாக்டர் பக்கம் திருப்பி வைத்தார். டாக்டர் கோட்டுப் பையைத் தடவினார். அதில் பல் பார்க்கிற கண்ணாடிதான் இருந்தது.

கதவருகே நின்றிருந்த மரகதம் உள்ளே வந்தாள். கைப்பையைத் திறந்து, ஒரு பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, தன் புறங்கையில் ஒரு கோடு கிழித்துப் பார்த்துவிட்டு, அவர் கையில் கொடுத்தாள்.